கண்ணின் சரித்திரம் – 17: கிண்ணத்தில் விளைந்த வில்லை

கண்புரையால் மங்கிய வில்லையை எடுத்துவிட்டு அதன் ஸ்தானத்தில் செயற்கை வில்லையைப் பொருத்தும் முறை, 1949-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஹெரால்டு ரிட்லியின் கையால் தொடங்கி, எதிர்ப்புகளையும் தோல்விகளையும் கடந்து, உலகத்து மருத்துவமனைகளிலெல்லாம் அன்றாடக் காரியமாகிவிட்ட கதையைச் சென்ற இயலில் கண்டோம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து 1992-இல் தோன்றிய ஆரோலேப், அவ்வில்லைகளைச் சாதாரண மக்களுக்கும் எட்டும் விலையில் செய்து தரத் தொடங்கியபின், புரை விழுந்து பார்வை இழந்த ஏழைக்கும் மீட்சி உண்டு என்பதில் சந்தேகம் இல்லாமற் போயிற்று. அவ்வாறாயின், ஆலையில் ஆயிரக்கணக்காகச் செய்து குவிக்கக்கூடிய ஒரு பொருளை, உயிருள்ள அணுக்களைக் கொண்டு, ஆய்வுக்கூடத்துக் கிண்ணத்தில் வாரக்கணக்காக ஊட்டி வளர்த்து உண்டாக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் முயல்வானேன் என்று வாசகர் கேட்கலாம். அக்கேள்விக்கு விடை சொல்லப் புகுந்தால், நாம் நூறாண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் சென்று, தவளையின் கருவில் சூடேற்றிய ஊசியைச் செலுத்திய ஜெர்மானியர் ஒருவரிடமிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் வில்லையின் இயல்பைச் சற்று நினைவுபடுத்திக்கொள்வது நலம். இரத்தக் குழாயும் நரம்பும் இல்லாத அங்கம் அது. மெல்லிய உறையொன்றினுள், முன்புறத்தில் ஒற்றை வரிசையாக மேலணுக்கள் பரவியிருக்க, அவற்றுள் நடுவரம்பை அடைந்தவை ஒவ்வொன்றாக நீண்டு இழையாகி, பழைய இழைகளின் மேல் படிந்துகொண்டே வருகின்றன. இழையாக மாறிய அணு, தன் உட்கருவையும் ஏனைய உள்ளுறுப்புகளையும் தானே அழித்துக்கொண்டு, கிரிஸ்டலின் என்னும் புரதங்களால் நிறைந்து, ஒளி தடையின்றிச் செல்லும் ஸ்படிகத் தன்மையை எய்துகிறது. உட்கருவை இழந்த அணுவால் பழைய புரதத்தை நீக்கிப் புதியதைச் செய்துகொள்ள முடியாது. ஆகவே தாயின் வயிற்றில் இருந்தபோது உண்டான புரதமே வில்லையின் மையத்தில் மரணபரியந்தம் நின்றுவிடுகிறது. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் பெருகிய கதிரியக்கக் கார்பனின் அளவை வில்லைப் புரதத்தில் கண்டறிந்து, அதைக் கொண்டே ஒருவர் பிறந்த ஆண்டைக் கணிக்கலாம் என்று டென்மார்க்கு விஞ்ஞானிகள் 2008-இல் காட்டினர். அவ்வழியைப் பின்பற்றிக் கிரீன்லாந்துச் சுறாவின் வில்லை மையத்தை 2016-இல் சோதித்தவர்கள், அம்மீனின் ஆயுள் குறைந்தது 272 ஆண்டுகளாவது இருக்கும் என்று நிர்ணயித்தனர். இத்தனை காலம் புதுப்பிக்கப்படாமல் நிற்கும் புரதம் பழுதுற்றுத் திரள்வதுதான் முதுமையில் வரும் கண்புரைக்கு மூலகாரணம். வில்லை எப்படிக் கெடுகிறது என்று அறிய விரும்புகிறவன், அது எப்படி உண்டாகிறது என்பதிலிருந்தே தொடங்கியாக வேண்டும்.

ஊசியும் தவளையும்

கருவில் கண் தோன்றும் விதம் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் நன்கு வர்ணிக்கப்பட்டிருந்தது. மூளையாகப் போகும் பாகத்திலிருந்து பக்கத்துக்கு ஒன்றாகக் கொப்புளங்கள் புடைத்தெழுந்து தலைத்தோலின் உட்புறத்தை வந்து தொடுகின்றன. தொட்டபின் அவை உட்குழிந்து கிண்ண வடிவாகின்றன. அக்கிண்ணமே பிற்பாடு விழித்திரையாகிறது. அது தொட்ட இடத்துத் தோல் தடித்து, உள்மடிந்து, குமிழாகப் பிரிந்து, கிண்ணத்தின் வாயில் சரியாகப் பொருந்தும் வில்லையாகிறது. மூளையில் பிறந்த ஒன்றும் தோலில் பிறந்த மற்றொன்றும், காலத்தாலும் இடத்தாலும் அளவாலும் இவ்வளவு பிசகின்றி ஒத்துப்போவதற்கு ஏது என்ன என்பதை மட்டும் எவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

1869-இல் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்து, வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஹான்ஸ் ஸ்பேமான், 1901-இல் அச்சோதனையை வெளியிட்டார். சாதாரணப் புல்தவளையின் இளங்கருவில், வருங்காலக் கண்கிண்ணத்தின் மூலத்தைச் சூடேற்றிய ஊசியால் பொசுக்கிவிட்டு, தோலை மட்டும் தீண்டாமல் விட்டுப் பார்த்தார். கிண்ணம் அழிந்த பக்கத்தில் தோல் இருந்தும் வில்லை தோன்றவில்லை. எனவே, தோலை வில்லையாகும்படி தூண்டுவது கண்கிண்ணமே என்று அவர் முடிவு செய்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1904-இல், அமெரிக்காவில் வாரன் லூயிஸ், கண்கொப்புளத்தைப் பெயர்த்து வேறிடத்துத் தோலின் அடியில் நட்டார். அங்கும் வில்லை தோன்றியதாகக் கண்டார். ஒரு திசு மற்றொரு திசுவின் கதியை நிர்ணயிக்கிறது என்ற கொள்கை இவ்விரண்டு சோதனைகளால் ஸ்திரப்பட்டது, பாடப்புத்தகங்களில் ஏறியது, பல தலைமுறை மாணவர் அதை மனப்பாடம் செய்தனர்.

ஆயினும் அக்கொள்கைக்கு முதல் இடையூறு அதைக் கண்டவருடைய மேசையிலேயே தோன்றியது. ஐரோப்பியர் உணவாகக் கொள்ளும் வேறொரு தவளை இனத்தில் ஸ்பேமான் அதே சோதனையைச் செய்தபோது, கிண்ணம் முற்றும் அழிந்த பின்னும் தோலிலிருந்து வில்லை தானாகவே உண்டாயிற்று. தம் கொள்கைக்கு முரணான இச்செய்தியை அவர் மறைக்கவில்லை. விளக்கவும் அவரால் முடியவில்லை. 1935-இல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது கருவின் அமைப்பாளர் பகுதியைப் பற்றிய பிந்திய ஆராய்ச்சிக்காக; இரண்டு தவளைகளும் எழுப்பிய வழக்கு அன்றும் தீராமலே இருந்தது.

இதற்கிடையே மற்றொரு பிராணியும் சாட்சி சொல்லக் காத்திருந்தது. பல்லியை ஒத்த உருவமும் தவளையின் உறவும் கொண்ட நியூட் என்ற நீர்வாழ் பிராணியின் கண்ணிலிருந்து வில்லையை எடுத்துவிட்டால் அது மீண்டும் முளைக்கும் என்பதை, இத்தாலியர் கொலுச்சி 1891-இலும், அவரை அறியாமல் ஜெர்மானியர் குஸ்டாவ் வோல்ஃப் சில ஆண்டுகள் கழித்தும் கண்டனர். அது முளைக்கும் இடந்தான் வியப்புக்குரியது. கருவில் வில்லையைத் தந்த தோல் அங்கே இல்லை. கண்மணியைச் சுற்றியுள்ள வண்ணத்திரையின் மேல்விளிம்பிலுள்ள நிறமி அணுக்களே நிறத்தை உதிர்த்து, பெருகி, வில்லையாகின்றன. இயற்கையில் ஒருபோதும் நேராத காயம் ஒன்றை ஆற்றும் வல்லமை, வாழ்க்கைப் போராட்டத்தால் எவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கக்கூடும் என்று கேட்டு, வோல்ஃப் இதை டார்வின் கொள்கைக்கு எதிரான ஆயுதமாகவே எடுத்தாண்டார். அவர் வாதம் நிலைக்கவில்லை, உண்மை நிலைத்தது. ஜப்பானிய விஞ்ஞானி கோரோ எகுச்சி, அதே நியூட்டுகளின் வில்லையைப் பதினாறு ஆண்டுகளில் பதினெட்டு முறை எடுத்தும், கடைசியாக முளைத்த வில்லை இளம் பிராணியின் வில்லைக்கு எவ்விதத்திலும் குறையாமல் இருந்ததை, அவரும் அவருடைய சகாக்களும் 2011-இல் உலகுக்குக் காட்டினர்.

இந்த எகுச்சியே, டோகிந்தோ ஒகாடாவுடன் சேர்ந்து, 1973-இல் நம் கதையின் திருப்புமுனைகளுள் ஒன்றை நிகழ்த்தியவர். கோழிக்குஞ்சுக் கருவின் விழித்திரையைச் சார்ந்த நிறமி அணுக்களைப் பிரித்தெடுத்து, ஒற்றை அணுவின் சந்ததி மட்டுமே ஒரு கூட்டமாக வளரும்படி கிண்ணத்தில் வைத்து அவர்கள் வளர்த்தனர். நெடுநாள் வளர்ந்த அக்கூட்டங்கள் சிலவற்றில், கிரிஸ்டலின் நிறைந்த தெளிந்த உருண்டைகள் தோன்றின. ஓர் அங்கத்துக்கென்று தீர்ந்துபோன அணு, கண்ணுக்கு வெளியே, வெறும் போஷணத் திரவத்தில் வில்லையாக மாறக்கூடும் என்பது அன்றே பிரத்தியட்சமாயிற்று. எவ்விதக் குறிப்புகளால் அது மாறியது என்பது மட்டும் புலப்படவில்லை.

ஒரு கட்டளையா, ஒரு வரிசையா?

தவளைகளின் வழக்குக்குத் தீர்ப்புக் கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அமெரிக்க விஞ்ஞானி ஆன்டோன் ஜேக்கப்சன், சாலமாண்டர் கருக்களில் செய்த சோதனைகளின் முடிவை 1966-இல் தொகுத்துரைத்தபோது, வில்லையாகப் போகும் தோலின் அடியில், கண்கொப்புளம் வந்து தொடுவதற்கு முன்பே, முதலில் முன்குடலின் சுவரும் பின்னர் இதயமாகப் போகும் திசுவும் ஒன்றன்பின் ஒன்றாக அமர்ந்து சென்றிருப்பதையும், அவை ஒவ்வொன்றும் அத்தோலை வில்லையின் பக்கம் சிறிது சாய்த்துவிட்டே விலகுவதையும் எடுத்துக்காட்டினார். பின்னர் வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ராபர்ட் கிரெய்ஞ்சரும் அவர் சகாக்களும், லூயிஸின் பழைய சோதனையையே மறுபடி செய்தனர். ஆனால் ஏற்கும் கருவின் அணுக்களுக்கெல்லாம் அடையாளப் பொருள் ஊட்டி வைத்துக்கொண்டு செய்தனர். 1988-இல் வெளியான அவ்வாராய்ச்சி, பெயர்த்து நட்ட கொப்புளத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த தோலணுக்களிலிருந்தே அத்தகைய வில்லைகள் பல தோன்றியிருக்க வேண்டும் என்பதை வெளிப்படுத்தியது. எங்கோ கிடந்த தோலை வில்லையாக்கிவிடும் சர்வ வல்லமை கண்கொப்புளத்துக்கு இல்லை. பலமுறை உழுது, உரமிட்டு, விதைத்த நிலத்தில் கடைசியாகப் பெய்த மழையைக் கண்டு, விளைச்சல் முழுவதும் அம்மழையின் கொடையே என்று எண்ணியதை ஒத்திருந்தது பழைய கொள்கை. ஓர் இனத்துத் தவளையில் நிலம் முன்னமே போதிய ஈரம் பெற்றிருந்தது. மற்றோர் இனத்தில் அக்கடைசி மழையும் வேண்டியிருந்தது.

2006-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரியின் ஆண்ட்ரியா ஸ்ட்ரைட்டும் அவர் குழுவினரும் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். மூக்கும் காதும் வில்லையும் உண்டாகும் தலைப்பகுதித் தோல் முழுவதும், தொடக்கத்தில், தன்னியல்பாக வில்லையாகவே முனைகிறது. பிற இடங்களில் அம்முனைப்பு அண்டையிலுள்ள திசுக்களால் அடக்கப்படுவதாலேயே அங்கு வேறு அங்கங்கள் உண்டாகின்றன என்று அவர்கள் கோழிக் கருவில் நிறுவினர். பிறவற்றைத் தடுப்பதும் கருவின் வேலையே என்ற இந்த அறிவு, பின்னர் கிண்ணத்தில் பணியாற்றியவர்களுக்குப் பேருதவியாயிற்று.

வில்லையாக முடிவு செய்துகொண்ட தோல், மேலணுவாக நிற்பதா, இழையாக நீள்வதா என்பதை எது தீர்மானிக்கிறது என்ற அடுத்த கேள்விக்கு, 1963-இல் ஜேன் கூலோம்பரும் ஆல்ஃபிரட் கூலோம்பரும் மிக எளிய முறையில் விடை கண்டனர். கோழிக் கருவின் வில்லையை முன்பின்னாகத் திருப்பி வைத்தார்கள். விழித்திரையை நோக்கிய மேலணுக்கள் யாவும் நீண்டு இழையாகிவிட்டன. எனவே கண்ணின் பின்னறையிலிருந்து ஏதோ ஒரு பொருள் வந்து அவற்றை நீட்டுகிறது. அப்பொருள் ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணி என்ற புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதையும், அளவு குறைந்தால் அணுக்கள் பெருகுவதும், சற்றுக் கூடினால் இடம்பெயர்வதும், மேலும் கூடினால் இழையாவதும் ஆகிய மூன்று காரியங்களும் ஒரே பொருளின் ஏற்றத்தாழ்வால் நிகழ்வதையும், சிட்னி நகரில் ஜான் மெக்அவோயும் கோரல் சேம்பர்லேனும் 1989-இல் தெளிவுபடுத்தினர்.

மரபணுவின் பங்கும் சிறிதன்று. சுண்டெலியின் பேக்ஸ்-6 என்ற மரபணுவை ஈயின் உடலில் செயற்படச் செய்தால் அதன் காலிலும் இறக்கையிலும் ஈயின் கண்ணே முளைக்கிறது என்று பாசல் நகரத்து வால்ட்டர் கேரிங்கின் ஆய்வுக்கூடம் 1995-இல் காட்டியபோது, கண்ணைப் படைக்கும் தனிச்சாவி கிடைத்துவிட்டதாகப் பலர் மகிழ்ந்தனர். ஆனால் அந்த மரபணுவும், தக்க அண்டையும் தக்க காலமும் வாய்த்த இடத்திலேயே பலன் தருகிறது என்பது விரைவில் விளங்கிற்று.

ஐந்து வாரத்து அட்டவணை

1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவின் ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்ததும், 2006-இல் சுண்டெலியின் தோலணுவையும் 2007-இல் மனிதனின் தோலணுவையும் நான்கு மரபணுக்களின் துணையால் அந்த ஆதி நிலைக்கே திருப்பிக் கியோட்டோவின் ஷின்யா யாமனாகா சாதனை புரிந்ததும் வாசகர் அறிந்தவையே. எந்த அங்கமாகவும் மாறக்கூடிய அணு கைக்கு வந்தது. எதைச் சொல்லி அதை வில்லையாக்குவது? 2003-இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் குரங்கின் ஸ்டெம் செல்லிலிருந்து வில்லையணு உருண்டைகளைப் பெற்றனர்; ஆனால் அவை எலியிலிருந்து வந்த துணையணுக்களின்மேல் வளர்ந்தவை; அத்துணையணுக்கள் என்ன சொல்லிக்கொடுத்தன என்பது தெளிவாகவில்லை.

நியூயார்க் ஆல்பர்ட் ஐன்ஸ்டீன் மருத்துவக் கல்லூரியில் அலெஷ் ஸ்வெக்லும் சுன்போ யாங்கும் 2010-இல் வெளியிட்ட முறையில்தான் மறைவு ஏதும் இல்லை. போஷணத் திரவத்தில் இன்னது இருக்கிறது என்று முழுதும் அறிந்த நிலையில், மனித ஸ்டெம் செல்களுக்கு முதல் ஆறு நாட்கள் நாகின் என்ற புரதத்தைக் கொடுத்தனர்; அது எலும்பு உருவாக்கப் புரதம் எனப்படும் பி.எம்.பி.யின் செயலைத் தடுத்து, அணுக்களைக் கருவின் மேற்படலத்துப் பாதையில் திருப்பியது. பின்னர், முன்பு தடுத்த அதே பி.எம்.பி. வகையில் இரண்டையும் ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ச்சிக் காரணியையும் சேர்த்துக் கொடுத்தனர். வில்லையின் முன்னோடி அணுக்கள் பெருகின. பதினெட்டாம் நாளுக்குப்பின் பி.எம்.பி.யை நீக்கி, வளர்ச்சிக் காரணியோடு டபிள்யு.என்.டி-3ஏ என்ற வேறொரு புரதத்தைத் தந்தனர். ஐந்து வாரங்களுக்குள் கிரிஸ்டலின் நிறைந்த, ஒளி ஊடுருவும் உருண்டைகள் கிண்ணத்தில் தோன்றின. முதலில் விலக்கிய பொருளையே அடுத்துக் கொடுத்து, மூன்றாவதாக மறுபடி நீக்கும் இந்த அட்டவணை, ஜேக்கப்சன் சாலமாண்டரில் கண்ட உண்மையின் மறுபதிப்பே என்பது கவனிக்கத்தக்கது. அணுவின்மேல் செலுத்தும் பொருள் இன்னது என்பதைக் காட்டிலும், அது எதற்குப்பின் எதற்குமுன் வருகிறது என்பதே வில்லையை உண்டாக்குகிறது. ஸ்பேமான் தேடிய ஒற்றைத் தூண்டுகோல் இல்லாத காரணத்தால் அல்லவா அவருடைய இரண்டு தவளைகளும் இரண்டு விடைகளைச் சொல்லின!

அவருடைய கேள்வியின் மறுபாதிக்கும் ஜப்பானிலிருந்து விடை வந்தது. 2011-இல் கோபே நகரத்து ரிக்கன் ஆராய்ச்சி நிலையத்தில் மொடொட்சுகு எய்ராகுவும் யோஷிகி சாசாயும், சுண்டெலியின் ஸ்டெம் செல் திரளிலிருந்து கண்கிண்ணம் தானாகவே உட்குழிந்து உருவாவதைக் காட்டினர்; அருகே தோலும் இல்லை, வில்லையும் இல்லை. 2016-இல் ஒசாகாவில் கோஜி நிஷிடாவின் குழுவினர், மனித ஸ்டெம் செல்களைப் பரப்பி வளர்த்தபோது, அவை நான்கு வட்டங்களாகத் தாமே வகுத்துக்கொண்டு, கண்ணின் பல திசுக்களை, வில்லையணுக்கள் உட்பட, அந்தந்த வட்டத்தில் அமைத்துக்கொண்டதைக் கண்டனர்.

பயன் யாது?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். கண்புரையால் வருந்துவோரின் வில்லை, சத்திர சிகிச்சையில் நொறுக்கி உறிஞ்சப்பட்டு வெளியே வரும்போது, கேடு முற்றிய நிலையில்தான் மருத்துவர் கைக்கு வருகிறது. கேடு தொடங்கிய நாளை அதில் காண முடியாது. உயிரோடிருப்பவரின் தெளிந்த வில்லையைச் சோதனைக்குக் கேட்பதும் தகாது. இந்த இடைவெளியைத்தான் கிண்ணத்து வில்லை நிரப்புகிறது. மேற்கு சிட்னி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஓ'கானரும் அவர் குழுவினரும் 2018-இல், மனித ஸ்டெம் செல்களிலிருந்து வளர்ந்த கலவையில் வில்லையின் மேலணுக்களை மட்டும், அவற்றின் மேற்பரப்பிலுள்ள ஆர்.ஓ.ஆர்-1 என்ற புரதத்தின் அடையாளத்தால் பிரித்தெடுத்து, அவற்றைச் சிறு குழுக்களாக வளர்த்து, ஒளியைக் குவிக்கவும் வல்ல நுண்வில்லைகளைப் பெற்றனர். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய்க்கு வழங்கப்படும் ஐவாகாஃப்டர் என்னும் மருந்து, இளம் எலிகளின் கண்ணில் புரையை உண்டாக்கியதால், குழந்தைகளுக்கு அதைக் கொடுப்பவர்கள் வில்லையைக் கவனித்துவர வேண்டும் என்ற எச்சரிக்கை இருந்தது. அம்மருந்தை நுண்வில்லைகளுக்கு ஊட்டியபோது அவையும் மங்கின. ஒளியைக் குவிக்கும் திறன் குறைந்தது. மனிதரின் கண்ணில் நேரக்கூடிய தீங்கொன்றை, எவருடைய கண்ணையும் பணயம் வைக்காமல், மனித அணுக்களிலேயே கண்டறிந்தது சிறு காரியமன்று.

இரண்டாவது பயன் குழந்தைகளைப் பற்றியது. பிறவிப் புரையோடு பிறந்த சிசுவுக்குச் செயற்கை வில்லை பொருத்தினால், கண் வளர்ந்துகொண்டே போக, வில்லையின் சக்தி மட்டும் மாறாமல் நின்றுவிடுகிறது. உறையில் எஞ்சிய மேலணுக்கள் பெருகிப் பார்வையை மீண்டும் மறைப்பதும் உண்டு. அவ்வாறு எஞ்சிய அணுக்களின் பெருக்கத்தையே அனுகூலமாக்கிக்கொள்ளலாம் என்று கருதிய சீன மருத்துவர்கள், குவாங்சோ நகரில் இரண்டு வயதுக்குட்பட்ட பன்னிரண்டு குழந்தைகளுக்கு, உறையின் ஓரத்தில் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள சிறு துளையிட்டு, மங்கிய பாகத்தை மட்டும் நீக்கி, மேலணுக்களைக் காத்துவைத்தனர். சில மாதங்களில் தெளிந்த வில்லை திரும்ப வளர்ந்ததாக 2016-இல் அவர்கள் அறிவித்தனர். வேறு மருத்துவர் சிலர், வளர்ந்தது முழுமையான வில்லைதானா என்று ஐயுற்று மறுத்தெழுதினர். வழக்கு இன்னும் முடியவில்லையெனினும், ஒரு பேதத்தை நாம் மறத்தலாகாது: குவாங்சோவில் வளர்ந்தது, கண்ணுக்குள் உறை என்ற அச்சு முன்னமே காத்திருந்ததால் வளர்ந்தது.

கிண்ணத்தில் அந்த அச்சு இல்லை. முன்னறையின் திரவம் ஒருபுறமும் பின்னறையின் கூழ்மம் மறுபுறமுமாக நின்று, பெருக்கும் அளவையும் நீட்டும் அளவையும் பிரித்துத் தரும் ஏற்பாடும் இல்லை. ஆகையால் கிண்ணத்து வில்லை நுண்ணோக்கிக்கு உரிய அளவிலேயே நின்றுவிடுகிறது. அருகையும் தூரத்தையும் மாறி மாறி நோக்கத்தக்க, ஒன்பது பத்து மில்லிமீட்டர் விட்டமுள்ள முழுவில்லையை, கூலோம்பர் திருப்பி வைத்துப் பார்த்த அந்தத் திசைபேதத்தைச் செயற்கையாக அமைத்துக் கொடுக்கும் வரையில், எவரும் எதிர்பார்ப்பதற்கில்லை. எந்தக் காலத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்பதை விஞ்ஞானம் கற்றுவிட்டது; எந்தப் பக்கத்திலிருந்து சொல்ல வேண்டும் என்பதை இனிமேல்தான் கற்க வேண்டும்.

இந்தப் பேதத்தினாலேயே, யாவற்றுக்கும் முந்தி 1901-இல் விசாரணைக்கு வந்த வில்லையைப் பின்னே நிறுத்திவிட்டு, கண்ணின் வேறொரு திசு நோயாளியை நோக்கி முன்னே சென்றது. குரங்கின் வில்லையணுக்களை 2003-இல் வளர்த்தவர்களுள் ஒருவரான மசாயோ தாகாஹாஷியின் தலைமையில், 2014 செப்டம்பர் 12-ஆம் நாள் கோபே நகரில் ஒரு மூதாட்டியின் கண்ணுக்குள் வைக்கப்பட்டது, அவருடைய தோலிலிருந்தே பிறந்த நிறமி அணுக்களின் மெல்லிய விரிப்பு. உருண்டை வடிவும் உறையும் திசைபேதமும் வேண்டாத அவ்விரிப்பு அடைந்த வெற்றி எவ்வளவு, அடையாதது எவ்வளவு என்பதை அடுத்த இயலில் ஆராய்வோம்.

(தொடரும்)